தப்பைக் காய்ச்சுவது போல: திரவப் பளிங்குத் துளியில் ஒளிக்குச் சுருதி கூட்டத் தொடங்குபவர்களுக்கு

காமன் கூத்துக்கு முன்னால் தோட்டத்தில் தப்பு காய்ச்சுவதைப் பார்த்திருப்பீர்கள். காய்ந்த மானாப்புல்லைக் கொளுத்தி, தப்பின் முகத்தை அனலில் காட்டி, விரலால் தட்டித் தட்டிப் பார்ப்பார்கள். ஈரம் போய்த் தோல் இறுக இறுகச் சத்தம் ஏறும். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று காட்டிக்கொண்டே வந்து, சரியான இடத்தில் கையை எடுத்துவிடுவார்கள். அந்தக் கை எடுக்கும் நேரம்தான் வித்தை.

இந்தக் கட்டுரையில் நாம் செய்யப்போவதும் அதுதான். தப்புக்குப் பதிலாக ஒரு தலைமயிரின் தடிப்பை விடவும் சிறிய ஒரு துளி. சத்தத்துக்குப் பதிலாக ஒளி. சூட்டை ஏற்றி இறக்கி அந்தத் துளி எந்த நிறத்துக்குப் பரிவுறும் என்பதை நாமே நகர்த்துவோம். உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிறவர்கள், பல்கலைக்கழகத்தில் முதலாம் இரண்டாம் ஆண்டில் இருப்பவர்கள், பாடசாலை ஆய்வுகூடத்தைப் பொறுப்பில் வைத்திருக்கும் ஆசிரியர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். நமது இலங்கைப் பாடநூல்களின் சொற்களையே பயன்படுத்துகிறேன். தமிழ்நாட்டு நூல்களில் பரிவை ஒத்ததிர்வு என்றும், முறிவுச் சுட்டியை ஒளிவிலகல் எண் என்றும், திரவப் பளிங்கைத் திரவப் படிகம் என்றும் பார்ப்பீர்கள். இரண்டும் ஒன்றே.

முழுவதையும் எல்லோராலும் செய்ய முடியாது. கடைசிப் பகுதிக்கு நல்ல நிறமாலைமானி வேண்டும், அது பாடசாலையில் இருக்காது. ஆனால் அதற்கு முன்னால் உள்ள எல்லாவற்றையும் ஒரு சாதாரண நுணுக்குக்காட்டி இருந்தால் செய்யலாம். எனக்குக் கேட்டால், மிகவும் கற்றுக்கொள்ளக் கூடிய பகுதியும் அந்த முன்பகுதிதான்.

துளிக்குள் ஒளி ஏன் சுற்றுகிறது

முழு உட்தெறிப்பு தெரியும்தானே. முறிவுச் சுட்டி கூடிய ஊடகத்துக்குள் இருக்கும் ஒளி, எல்லையில் சரிவாக வந்து மோதினால் வெளியே போகாமல் உள்ளேயே திரும்பிவிடும். ஒரு உருண்டைத் துளியின் ஓரத்தை ஒட்டி ஒளியை விட்டால் அது மோதித் திரும்பி, மோதித் திரும்பி ஓரத்தைச் சுற்றியே ஓடும். ஒரு சுற்று முடித்து வரும்போது அலை தன் தொடக்கத்தோடு சரியாகப் பொருந்தினால் வலுப்பெறும். பொருந்தாவிட்டால் அழிந்துபோகும். ஆகவே நிபந்தனை மிக எளியது: சுற்றளவு × முறிவுச் சுட்டி = முழு எண் × அலைநீளம்.

இதே சங்கதி சத்தத்தில் முதலில் தெரிந்தது. லண்டன் சென் போல் தேவாலயத்தின் கோபுர மாடத்தில் சுவரோரமாக ஒருவர் முணுமுணுத்தால் எதிர்ப்பக்கச் சுவரோரம் நிற்பவருக்குக் கேட்கும். ஆங்கிலேயப் பௌதிகவியலாளர் ரேலி பிரபு அதை விளக்கினார். நம் சீ.வி. ராமன் 1921இல் அதே மாடத்தில் ஆராய்ந்து, பிறகு பீஜப்பூரின் கோல் கும்பஸிலும் அதைச் சோதித்தார். அதனால்தான் துளிக்குள் ஓடும் இந்த ஒளிப் பாங்குகளையும் முணுமுணுக்கும் மாடப் பாங்குகள் என்று சொல்கிறோம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். துளியின் ஆரை 10 மைக்ரோமீற்றர். சுற்றளவு 62.8. முறிவுச் சுட்டி 1.70 என்றால் ஒளிக்கு அது 106.8 மைக்ரோமீற்றர் பாதை. அதில் 600 நனோமீற்றர் அலைகள் 178 அடங்கும். ஓர் அலை குறைந்து 177 அடங்க வேண்டுமானால் அலைநீளம் ஏறத்தாழ 603.4 நனோமீற்றர் ஆக வேண்டும். அதாவது நிறமாலையில் ஏறக்குறைய 3.4 நனோமீற்றருக்கு ஒன்றாகக் கூர்மையான முகடுகள் வரிசையாக நிற்கும். இந்த 3.4ஐ ஞாபகத்தில் வைத்திருங்கள், கடைசியில் தேவைப்படும்.

சரி, முகட்டை நகர்த்த வேண்டும் என்றால் என்ன வழி? சுற்றளவை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் முறிவுச் சுட்டியை மாற்ற வேண்டும். சிலிக்காக் கண்ணாடியில் செய்த பரிவுக் கோளத்தைச் சூடாக்கினால், 1550 நனோமீற்றரில் ஒரு பாகைக்கு ஏறத்தாழ 0.01 நனோமீற்றர்தான் நகரும். திரவப் பளிங்கில் அதைப் போல ஏறத்தாழ நூறு மடங்கு கிடைக்கும். அதற்காகத்தான் இந்தப் பாடெல்லாம்.

திரவப் பளிங்கைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டியது

1888இல் பிராக் நகரில் பிரீட்ரிக் ரைனிட்சர் என்ற தாவரவியலாளர், கொலஸ்டெரில் பென்சோவேற்று 145.5 பாகையில் உருகிக் கலங்கலான திரவமாவதையும், 178.5 பாகையில் அந்தக் கலங்கல் சட்டென்று தெளிவதையும் கண்டார். ஒரு பொருளுக்கு இரண்டு உருகுநிலையா என்று அவருக்கே புரியவில்லை. ஜெர்மன் பௌதிகவியலாளர் ஒட்டோ லேமனுக்கு எழுதிக் கேட்டார், அங்கிருந்து இந்தத் துறை பிறந்தது. அதே 1888இல்தான் திருச்சிராப்பள்ளியில் ராமன் பிறந்தார். அவருடைய மருமகன் முறையான எஸ். சந்திரசேகர் (நோபல் பரிசு பெற்ற வானியலாளர் வேறொருவர்) 1977இல் பெங்களூரில் தட்டு வடிவ மூலக்கூறுகளாலும் திரவப் பளிங்கு உண்டாகும் என்று காட்டியவர். இந்தத் துறை நமக்கு அந்நியமானதல்ல.

நமக்கு வேண்டிய பொருளின் பெயர் 5சிபி. 1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் கிரே குழுவினர் உருவாக்கியது. கல்குலேற்றர், கைக்கடிகாரத் திரைகளுக்கு வழிதிறந்த குடும்பம் இது. ஏறத்தாழ 23 பாகைக்குக் கீழே வெள்ளைத் திண்மம். 23க்கும் 35க்கும் இடையில் கலங்கலான திரவம், அதை நெமற்றிக் அவத்தை என்பார்கள். ஆற்றில் மிதக்கும் மூங்கில் கழிகள் போல மூலக்கூறுகள் இடம் மாறிக்கொண்டே இருந்தாலும் ஒரே திசையைப் பார்த்துக் கிடக்கும். 35க்கு மேலே அந்த ஒழுங்கு குலைந்து தண்ணீர் போலத் தெளிந்துவிடும்.

கழிகள் ஒரே திசையைப் பார்ப்பதால் ஒளிக்கு இரண்டு முறிவுச் சுட்டிகள் உண்டு. ஒளியின் மின்புலம் கழிக்கு நெடுக்காக அதிர்ந்தால் ஏறத்தாழ 1.71, குறுக்காக அதிர்ந்தால் ஏறத்தாழ 1.53. சூடு ஏறும்போது கழிகள் ஆடத் தொடங்கும். நெடுக்குச் சுட்டி விரைவாகக் குறையும், குறுக்குச் சுட்டி மெதுவாகக் கூடும். 35ஐ நெருங்க நெருங்க இரண்டும் ஒன்றையொன்று நோக்கி ஓடி, தெளிநிலையில் ஏறத்தாழ 1.59இல் சேர்ந்துவிடும். இந்த ஓட்டம்தான் நம் கையில் இருக்கும் சுருதிக் கட்டை.

முதல் படி: போத்தலைக் கையில் பிடியுங்கள்

கருவி எதையும் தொடாதீர்கள். முதலில் இதைச் செய்யுங்கள்.

எனக்கு முதல் கிராம் வந்து சேர்ந்தது ஒரு டிசம்பர் மாதம். நுவரெலியாவில் அறைக்குள்ளேயே 15 பாகை இருக்கும். பொதியைப் பிரித்தால் போத்தலின் அடியில் மெழுகு போல வெள்ளையாக உறைந்து கிடந்தது. பக்கத்தில் நின்ற தங்கை, "அக்கா, இது கெட்டுப்போச்சு போல இருக்கே" என்றாள். எனக்கும் வயிறு கலங்கியது. அனுப்பியவர்களுக்கு மின்னஞ்சல் எழுத உட்கார்ந்தேன். எழுதும்போது போத்தலை இடது உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்தேன். சில நிமிடங்களில் கண்ணாடியை ஒட்டிய ஓரம் வழுக்கத் தொடங்கியது. வெள்ளை மெழுகு கலங்கிய கஞ்சித் தண்ணீராக மாறி, சரித்தால் சோம்பலாக ஓடியது. மின்னஞ்சலை அழித்துவிட்டேன்.

பிறகு தேநீர்க் கோப்பையில் வெதுவெதுப்பான நீர் ஊற்றி அதில் போத்தலை நிறுத்தினோம். கஞ்சி நிறம் அப்படியே இருந்தது, இருந்தது, பிறகு ஓரத்திலிருந்து ஒரு தெளிவான கோடு உள்ளே நகர்ந்து வந்தது. அந்தக் கோடு கடந்த இடமெல்லாம் கண்ணாடி போல. வெளியே எடுத்ததும் சில விநாடிகளில் மறுபடி கலங்கல், புகை இறங்குவது போல. நாங்கள் இருவரும் அதை எத்தனை முறை செய்தோம் என்று எண்ணவில்லை.

கொழும்பில் இருப்பவருக்கு இது கிடைக்காது. அங்கே அறையே 28, 30 பாகை. 5சிபி எப்போதும் கலங்கலாகவே இருக்கும், திண்மத்தைப் பார்க்கக் குளிர்சாதனப் பெட்டி வேண்டும். நமக்குக் காலைக் குளிர், உள்ளங்கை, தேநீர்க் கோப்பை ஆகிய மூன்றே போதும், மூன்று அவத்தைகளையும் பார்த்துவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. சில நாளில் 18 பாகையிலும் அது உறையாமல் கலங்கலாகவே இருக்கும். மிகைக்குளிர்வு என்பது அது. ஒரு தட்டு, ஒரு தூசு பட்டாலும் திடீரென்று உறைந்துவிடும். ஆகவே உருகும் புள்ளியை நம்பி எதையும் அளவுதிருத்தம் செய்யாதீர்கள். தெளியும் புள்ளி அப்படி ஏமாற்றாது. ஏற்றும்போதும் இறக்கும்போதும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நடக்கும்.

கையுறை போட்டுக்கொள்ளுங்கள், வாயில் கண்ணில் படவிடாதீர்கள். பழைய கல்குலேற்றர்த் திரையை உடைத்துத் திரவப் பளிங்கு எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது பல பொருள்களின் கலவை, தெளிநிலை எங்கோ இருக்கும், கையும் கிழியும். திரையின் மேல் ஒட்டியிருக்கும் முனைவாக்கித் தாளை (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தாள்) மட்டும் உரித்து வைத்துக்கொள்ளுங்கள், அது தேவைப்படும். ஃபோன் பழுதுபார்க்கும் கடையில் உடைந்த மொனிட்டர்த் திரை கேட்டால் பெரிய தாளாகவே கிடைக்கும்.

இரண்டாம் படி: வெப்பமானியைத் திருத்துங்கள்

டிஎஸ்18பி20 என்ற சிறிய இலத்திரனியல் உணரி மலிவானது, ஆர்டுயினோ என்ற, நாமே நிரல் எழுதக்கூடிய சிறு மின்பலகையோடு மூன்று கம்பியில் இணைந்துவிடும். 0.0625 பாகை வரை வித்தியாசம் காட்டும். ஆனால் அது காட்டும் எண் உண்மையிலிருந்து அரைப் பாகை தள்ளி இருக்கலாம். நுணுக்கமும் செம்மையும் வேறு வேறு என்று பாடத்தில் படித்தது இங்கேதான் கைக்கு வருகிறது.

பூச்சியம் பாகைக்கு, சுத்தமான நீரில் செய்த ஐஸ் கட்டியை நொறுக்கி, கொஞ்சம் குளிர்ந்த நீர் விட்டுச் சேறு மாதிரி ஆக்கி, உணரியை நடுவில் செருகி ஐந்து நிமிடம் விடுங்கள். காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மேல் புள்ளிக்குக் கொதிநீரைப் பயன்படுத்தும்போதுதான் நம் மலை குழப்பும். பாடநூலில் 100 என்று இருக்கும். ஆனால் உயரம் ஏற ஏற வளியமுக்கம் குறையும், கொதிநிலையும் குறையும், ஏறத்தாழ 300 மீற்றருக்கு ஒரு பாகை. கண்டியில் 98 அளவு, ஹட்டனில் 96 அளவு, 1,800 மீற்றரைத் தாண்டிய நுவரெலியாவில் 94 அளவு. இது தெரியாமல் உணரியை 100க்குத் திருத்திவிட்டு, அடுத்த மூன்று வாரம் எல்லா அளவீடும் கோணலாக வருவதைப் பார்த்துத் தலையைப் பிய்த்துக்கொண்ட மாணவர்களை எனக்குத் தெரியும். கொதிநீரை விட்டுவிடுங்கள். நம் வேலை நடப்பது 20க்கும் 37க்கும் இடையில்தான். மேல் புள்ளியாகத் தூய 5சிபியின் தெளிநிலையையே வைத்துக்கொள்ளலாம். அதை நான்காம் படியில் பார்ப்போம்.

மூன்றாம் படி: சூட்டு மேடை

இதில்தான் மிகுந்த பொறுமை வேண்டும். தப்புக் காய்ச்சுகிறவர் அனலுக்கும் தோலுக்கும் உள்ள தூரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார் அல்லவா, அந்தத் தூரத்தை இங்கே ஒரு அலுமினியத் தகடும் ஒரு நிரலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அலுமினியத் தகடு ஒன்று, 5 சென்ரிமீற்றர் சதுரம், 5 மில்லிமீற்றர் தடிப்பு. நடுவில் ஒளி போக 5 மில்லிமீற்றர் துளை. இரண்டு பக்கமும் 10 ஓம், 5 வாற்று செராமிக் தடையிகளை ஒவ்வொன்றாகத் தொடராக இணைத்து ஒட்டுங்கள். 12 வோல்ற்றில் மொத்தம் 7 வாற்று அளவு சூடு. இந்த மேடைக்கு அது தாராளம். மொஸ்ஃபெட் என்ற இலத்திரனியல் ஆளி ஒன்றின் வழியாக ஆர்டுயினோ அதைத் திறந்து மூடும். உணரியைத் தகட்டின் பக்கத்தில் துளைத்த குழியில், கணினிச் செயலியில் பூசும் வெள்ளைப் பசையோடு செருகுங்கள். காற்றில் தொங்கவிட்ட உணரி காற்றின் சூட்டைத்தான் சொல்லும்.

சுற்றிலும் ரெஜிபோம் பெட்டி. இதைச் சின்ன வேலை என்று நினைத்துத் தள்ளிப்போடாதீர்கள். கதவிடுக்கில் வரும் மூடுபனிக் காற்று ஒரு வீச்சு வீசினால் மேடை கால் பாகை இறங்கிவிடும். நான் பெட்டி போடுவதற்கு முன் எடுத்த வரைபுகளில், கதவு திறந்த நேரமெல்லாம் பள்ளமாகத் தெரியும்.

நிரலில் வெறுமனே குறைந்தால் போடு, கூடினால் நிறுத்து என்று எழுதினால் மேடை இரண்டு பக்கமும் ஊசலாடும். விகிதசமம், தொகையீடு, வகையீடு என்ற மூன்றையும் சேர்த்த கட்டுப்பாட்டு நிரல் நூலகம் ஆர்டுயினோவுக்கு இலவசமாகவே உண்டு. முதலில் விகிதசமத்தை மட்டும் மெல்லக் கூட்டுங்கள், ஊசல் தொடங்கும் இடத்தில் பாதியாகக் குறையுங்கள், பிறகு தொகையீட்டைச் சிறிதாகச் சேருங்கள். இலக்கு: பத்து நிமிடம் 30.0 பாகையில் விட்டால் உணரியின் கடைசிப் படிகூட அசையாமல் நிற்க வேண்டும். அது வரும்வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம். எனக்கு ஒரு வாரம் எடுத்தது.

குளிர்த்துவதற்கு நமக்கு எதுவும் தேவையில்லை. சுற்றியுள்ள காற்றே 15, 18 பாகையில் இருப்பதால் சூட்டை நிறுத்தினாலே மேடை இறங்கும். வெப்பமான ஊரில் இதற்காக, மின்னோட்டத்தால் ஒரு பக்கம் குளிரும் பெல்ற்றியர் தகடு வாங்கி, அதில் நீர்த்துளி பிடித்து அவதிப்படுவார்கள்.

மின்வெட்டு வந்து திரும்பும்போது ஆர்டுயினோ மறுபடி தொடங்கும். அப்போது சூடு தானாக முழுதாகப் பாயாதபடி, தொடக்கத்தில் இலக்கு வெப்பநிலை பூச்சியம் என்று எழுதுங்கள்.

நான்காம் படி: இரண்டு தாள்களுக்கு நடுவே

நுணுக்குக்காட்டியின் விளக்குக்கு மேலே ஒரு முனைவாக்கித் தாள், கண்வில்லைக்கு மேலே ஒன்று. மேலுள்ளதைச் சுழற்றி வெளி முழுக்க இருட்டாகும்படி நிறுத்துங்கள். ஊசிமுனையில் எடுத்த ஒரு பொட்டு 5சிபியைக் கண்ணாடி வழுக்கியில் வைத்துக் கவர் ஸ்லிப் மூடி மேடையில் வையுங்கள்.

25 பாகையில் இருட்டுக்குள் நூல்களும் திட்டுகளுமாக ஒளி தெரியும். நெமற்றிக் என்ற பெயரே நூல் என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. 34 தாண்டியதும் 0.1 பாகையாக ஏற்றுங்கள், ஒவ்வொரு படியிலும் இரண்டு நிமிடம் பொறுங்கள். ஏதோ ஓர் இடத்தில் கரும் வட்டங்கள் பிறந்து, பெருகி, ஒன்றோடொன்று சேர்ந்து, எல்லாம் இருண்டுவிடும். அந்த எண்ணைக் குறியுங்கள். தூய பொருளுக்கு அது 35 பாகையை ஒட்டி இருக்க வேண்டும். உங்கள் உணரி 34.4 என்று காட்டினால், உணரிக்கும் வழுக்கிக்கும் இடையில் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று தெரிந்துவிட்டது. இனி எல்லா எண்ணையும் அதைக் கொண்டு திருத்தலாம்.

பாடசாலையில் இதோடு நிறுத்தினாலும் அது முழுமையான ஒரு செயற்திட்டம்.

ஐந்தாம் படி: துளிகள்

சோடியம் டொடெசில் சல்பேற்று என்ற சவர்க்காரப் பொருளை 100 மில்லிலீற்றர் காய்ச்சி வடித்த நீரில் 0.1 கிராம் கரையுங்கள். அதில் ஒரு மில்லிலீற்றரைச் சிறு குப்பியில் எடுத்து, ஊசிமுனையளவு 5சிபி சேர்த்து, அதை முழுக்க உருகும்படி வெதுவெதுப்பாக்கி, ஒரு நிமிடம் குலுக்குங்கள். பால் போல ஆகும். ஒரு கிராம் வாங்கினால் தீர்ந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். 20 மைக்ரோமீற்றர் விட்டமுள்ள துளிகள் அதில் இருபது கோடிக்கு மேல் செய்யலாம்.

சவர்க்காரம் ஏன்? அது இல்லாவிட்டால் மூலக்கூறுகள் துளியின் மேற்பரப்பில் படுத்துக்கிடக்கும். சவர்க்காரம் மேற்பரப்பில் அமர்ந்ததும் அவை எழுந்து மேற்பரப்புக்குச் செங்குத்தாக நிற்கும். அப்போது துளிக்குள் எல்லாக் கழிகளும் நடுவிலிருந்து வெளிநோக்கி, சாமந்திப் பூவின் இதழ்கள் போல. குறுக்குத் தாள்களுக்கு நடுவே இப்படிப்பட்ட துளியில் ஒரு கருஞ்சிலுவை தெரியும். வழுக்கியைச் சுழற்றினாலும் சிலுவை சுழலாது. அந்த அடையாளம் உள்ள துளியை மட்டும் தெரிவு செய்யுங்கள். சவர்க்காரத்தைத் தாராளமாகப் போடாதீர்கள், கூடினால் அது 5சிபியைக் கரைத்து எடுத்துச் செல்லும். துளி மெல்ல மெல்லச் சுருங்கும், முகடுகள் நகரும், நீங்கள் அதை வெப்பநிலையின் வேலை என்று எண்ணுவீர்கள்.

வழுக்கிக்கும் கவர் ஸ்லிப்புக்கும் நடுவே இரட்டைப்பக்க ஒட்டுநாடாவால் ஒரு குறுகிய கால்வாய் அமைத்து, துளிக் கலவையை விட்டு, ஓரங்களை நகப்பூச்சால் அடையுங்கள். அடைக்காவிட்டால் நீர் ஆவியாகி ஓட்டம் உண்டாகி, துளி பார்வையிலிருந்து நழுவிவிடும்.

ஆறாம் படி: ஒளி

இங்கிருந்து பல்கலைக்கழக ஆய்வுகூடம் வேண்டும். 5சிபியில் நைல் ரெட் என்ற ஒளிரும் சாயத்தை ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேற்படாமல் கலந்து துளி செய்யுங்கள். 532 நனோமீற்றர் பச்சை லேசரைத் துளியின் ஓரத்தில் குவித்தால் சாயம் சிவப்பாக ஒளிரும். பச்சையைத் தடுக்கும் வடிகட்டிக்குப் பின்னால் 0.1 நனோமீற்றர் வரை பிரித்துக் காட்டும் நிறமாலைமானி. ஒளிர்வின் அகன்ற மேட்டின் மேல் கூரான முகடுகள் வரிசையாக நிற்கும். டிவிடி வட்டால் செய்யும் நிறமாலைமானி இதற்குப் போதாது, முகடுகள் ஒன்றோடொன்று குழம்பிவிடும்.

சந்தையில் விற்கும் மலிவான பச்சைச் சுட்டிகளிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பும் கசியும். உரிய பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் வேண்டாம். லேசர் ஓடும்போது கண்வில்லைக்குள் பார்க்கவே கூடாது. கமெராவால் மட்டும் பாருங்கள்.

துளியில் இப்படி ஒளியை நகர்த்தலாம் என்பது வெறும் ஆசையல்ல. 2009இல் ஸ்லொவேனியாவின் லியூப்லியானாவில் மத்யாஷ் ஹூமார், ஈகோர் மூஷேவிச் முதலானோர், சிலிக்கோனுக்குள் அடைத்த இதே மாதிரித் துளிகளை மின்புலத்தால் இசைவித்துக் காட்டினார்கள். நாம் மின்புலத்தின் இடத்தில் சூட்டை வைக்கிறோம்.

லேசரே துளியைச் சூடாக்கும் என்பதை மறக்க வேண்டாம். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. வலுவைப் பாதியாக்குங்கள். முகடு நகர்ந்தால் லேசர் காய்ச்சிக்கொண்டிருக்கிறது என்று பொருள். நகராத வரை குறையுங்கள்.

ஏழாம் படி: ஏற்றமும் இறக்கமும்

25 பாகையில் நிறுத்தி முதல் நிறமாலையை எடுங்கள். பிறகு 0.2 பாகையாக ஏற்றி, மூன்று நிமிடம் பொறுத்து, அடுத்தது.

எவ்வளவு நகரும் என்று முன்கூட்டியே கணித்து வைத்திருங்கள். அறை வெப்பநிலையை ஒட்டி நெடுக்குச் சுட்டி ஒரு பாகைக்கு 0.003 அளவு குறைகிறது. 600 × 0.003 ÷ 1.7 போட்டால் ஒரு பாகைக்கு ஏறத்தாழ ஒரு நனோமீற்றர், குறுகிய அலைநீளத்தின் பக்கம். துளி சூட்டில் கொஞ்சம் விரிவதால் அதில் ஒரு சிறு பங்கு எதிர்ப்பக்கம் போய்க் குறையும். அலைநீளம் குறைந்தால் மீடிறன் கூடும். அதாவது தப்பைப் போலவே, காய்ச்சக் காய்ச்சச் சுருதி ஏறுகிறது.

0.2 பாகைக்கு மேல் ஒரே தாவலாக ஏற்றக் கூடாது என்பதற்கு, ஞாபகத்தில் வைக்கச் சொன்ன அந்த 3.4தான் காரணம். முகடுகள் 3.4 நனோமீற்றர் இடைவெளியில் எல்லாம் ஒரே மாதிரி நிற்கின்றன. ஒரேயடியாக மூன்று பாகை ஏற்றினால் ஒரு முகடு அடுத்ததன் இடத்துக்குப் போய்விடும். ஒன்றும் நகரவில்லை என்று எழுதிவிடுவீர்கள். 33க்கு மேல் சுட்டி இன்னும் வேகமாகச் சரியும். அங்கே 0.1 பாகைக்கு இறங்குங்கள்.

மேடை ஏன் அவ்வளவு அசையாமல் நிற்க வேண்டும் என்பதும் இப்போது தெரியும். நல்ல துளியின் தரக்காரணி (அலைநீளத்தை முகட்டின் அகலத்தால் வகுத்தால் வருவது) பத்தாயிரம் அளவு என்றால், முகட்டின் அகலம் 600 ÷ 10,000, அதாவது 0.06 நனோமீற்றர். ஒரு பாகைக்கு ஒரு நனோமீற்றர் நகர்கிற இடத்தில் 0.06 பாகை அசைந்தாலே முகடு தன் அகலம் முழுவதும் தள்ளிப்போகும். உங்கள் உணரியின் கடைசிப் படி 0.0625. அது ஒரு படி துடித்தால் ஒரு முகடு துடித்துவிட்டது.

நிறமாலையில் இரண்டு குடும்ப முகடுகள் இருக்கும். மின்புலம் ஆரைத் திசையில் அதிர்பவை நெடுக்குச் சுட்டியைச் சந்திக்கின்றன, சூட்டோடு வேகமாக நீலப் பக்கம் ஓடுபவை அவைதான். மேற்பரப்போடு ஒட்டி அதிர்பவை குறுக்குச் சுட்டியைச் சந்திப்பதால் அதிகம் அசையாமல் நிற்கும், கடைசியில் சிவப்புப் பக்கம் கொஞ்சம் நகரும். முதல் வரைபில் குழப்பமாகத்தான் இருக்கும். வெப்பநிலையைக் கீழச்சிலும் அலைநீளத்தைப் பக்க அச்சிலும் போட்டு எல்லா முகடுகளையும் புள்ளியாகக் குறித்தால், சாய்ந்த கோடுகளும் கிடைக்கோடுகளும் தானாகப் பிரிந்து தெரியும்.

தெளிநிலை வந்ததும் முகடுகள் ஒரே தாவலில் புதிய இடத்துக்குப் போகும், கருஞ்சிலுவையும் மறையும். சாயம் கலந்திருப்பதால் அது தூய பொருளைவிடச் சற்று முன்னதாகவே நடக்கலாம். துளி இன்னும் துளிதான், உள்ளே ஒளி இன்னும் சுற்றுகிறது, ஆனால் இரண்டு சுட்டிகள் இப்போது ஒன்று.

அங்கே நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். பெட்டியை மூடியபடியே 0.1 பாகையாக இறக்குங்கள். சிலுவை மறுபடி விரியும், ஒரு குடும்பம் இரண்டாகப் பிரியும், சாய்ந்த கோடு வந்த வழியே சிவப்புப் பக்கம் திரும்பும். 25 பாகைக்கு வந்ததும் முதல் நிறமாலையின் மேல் இதை வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றன் மேல் ஒன்று விழுந்தால் நீங்கள் அளந்தது வெப்பநிலையை. விழாவிட்டால் துளி சுருங்கியிருக்கிறது அல்லது நகப்பூச்சு எங்கோ கசிகிறது. ஓரத்தை மறுபடி அடைத்து, புதிய துளி ஒன்றைத் தெரிவு செய்து, 25 பாகையிலிருந்து திரும்பவும் தொடங்குங்கள்.